மூணாவது படிக்கிற பையன், எழுதத் திணறுறான்: அசெஸ்மென்ட்டை எங்கே ஆரம்பிக்கிறது?

கொடுங்கையூர்_அம்மா
பையனுக்கு ஏழரை வயசு. வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ், ஸ்கூல் இங்கிலீஷ் மீடியம். வாயால கேட்டா டக்குனு பதில் சொல்றான், எழுதச் சொன்னா பாதி எழுத்து காணோம். "எல்.டி. சர்டிபிகேட் (கற்றல் குறைபாட்டுச் சான்று) கொண்டாங்க, இல்லைன்னா டி.சி. வாங்கிக்கங்க"ன்னு மிஸ் சொல்றாங்க. எங்க போகணும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

டெஸ்ட்_மேசை
முதல்ல கண்ணும் காதும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில ரெண்டு ஓ.பி.யும் இருக்கு. சளி அடிக்கடி பிடிக்கிற பிள்ளைக்கு செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்துக்கும். ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மந்தமா இருக்கும், வீட்ல கவனிக்கவே முடியாது. இதைப் பார்க்காம ஐ.க்யூ. டெஸ்டுக்குப் போனா அந்த மார்க்கே தப்பாயிடும்.

அப்புறம் சைக்காலஜிஸ்ட். ஐ.க்யூ. தனி, வாசிப்பு, எழுத்து, கணக்கு டெஸ்ட் தனி. 2018 அரசு வழிகாட்டுதல்படி ஐ.க்யூ. 85-க்கு மேல வந்தாதான் கற்றல் குறைபாட்டு டெஸ்டுக்கே போனாங்க; 2024-ல புது வழிகாட்டுதல் வந்துடுச்சு, இப்போ என்ன அளவுன்னு அங்கேயே கேட்டுக்கங்க. ரெண்டு வருஷ ரேங்க் கார்டு, திருத்தின விடைத்தாள், பையனே எழுதின நோட்டு எடுத்துட்டுப் போங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்து எழுத வெச்ச ஹோம்வொர்க் நோட்டு வேணாம், அதுல தப்பே தெரியாது. காலையில சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போங்க.

உங்க கேஸ்ல சிக்கலே மொழிதான். மூணு மொழியும் புழங்குதுன்னு முதல் வார்த்தையிலேயே சொல்லிடுங்க. இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் வெச்சா, சரியா சொல்லிக் கொடுக்காததும் குறைபாடு மாதிரியே தெரியும். தமிழ் எழுத்து கத்துக்கொடுத்தும் அதே திணறல்னா சந்தேகம் வலுக்கும். இங்கிலீஷ் மட்டும்தான் வரலைன்னா முதல்ல பாடம் நடத்துற விதத்தைப் பாருங்க. எழுத்தைத் திருப்பி எழுதுறது இந்த வயசுல பல பிள்ளைங்களுக்கு உண்டு, அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ராயபுரம்_பென்சில்
ரிப்போர்ட் வேற, சர்டிபிகேட் வேறம்மா. தனியார் சென்டர் தர்றது ரிப்போர்ட். அரசு சர்டிபிகேட்டுக்கு யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தளத்துல விண்ணப்பிச்சு, ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்து, அங்க நேர்ல போகணும். அதே 2018 வழிகாட்டுதல்ல கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயசு ஆனாதான் முதல் சர்டிபிகேட், பிறகு 14-லயும் 18-லயும் மறுபடின்னு இருந்துச்சு. அந்த எட்டு வயசு வரம்பு இப்பவும் இருந்தா, மிஸ் இப்போ கேக்கறது யாரும் தர முடியாத காகிதம்; ஆஸ்பத்திரியில கேட்டுக்கங்க. இன்னொண்ணு, துறுதுறுப்பு, கவனச்சிதறல் மட்டும்னா 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 21 வகைப் பட்டியல்ல அது தனியா இல்லை.

டி.சி. பேச்சுக்கு: எட்டாவது முடியற வரைக்கும் பிள்ளையை வெளியே அனுப்பக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டம் 16-ம் பிரிவு சொல்லுது. சிறுபான்மைப் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, உங்க ஸ்கூல் அந்த வகையான்னு பாருங்க. வாய்ப்பேச்சு வேணாம். எச்.எம்.முக்குத் தேதி போட்டு லெட்டர், ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல் வாங்கிக்கங்க.

கொடுங்கையூர்_அம்மா
நன்றிங்க. அப்போ எட்டு ஆகற வரைக்கும் சும்மா இருக்கறதா?

டெஸ்ட்_மேசை
கூடாது. சர்டிபிகேட்தான் காத்திருக்கும், பயிற்சி காத்திருக்கத் தேவையில்லை. தினம் 20 நிமிஷம், ஒரே மொழியில, ஒலியையும் எழுத்தையும் சேர்த்து. 'படம்'ல 'ட'வை எடுத்துட்டா என்ன மிச்சம்னு முதல்ல வாயாலேயே சொல்லட்டும், அப்புறம் எழுதட்டும். நாலைஞ்சு மாசம் தேதி போட்டு நோட்டுல குறிச்சு வைங்க. டெஸ்ட் எடுக்கிறவருக்கு அந்த நோட்டு உதவும்.