பசங்களுக்கு எந்த பிக்னிக் டேபிள்?

நான்: எல்லாரும் இருக்கீங்களா? பசங்களுக்குத் தோட்டத்துல போட ஒரு பிக்னிக் டேபிள் பார்த்துட்டிருக்கேன், பெஞ்ச் சேர்த்தே வருமே, அது. பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு மூணு. மூணு டேபிள் எடுத்து வெச்சிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

நான்: 📷 படம் 1, மரம்
📷 படம் 2, மரம், நடுவுல குடை
📷 படம் 3, மடக்குற பிளாஸ்டிக்

அக்கா: ரெண்டாவது ரொம்ப அழகா இருக்குடி! வெயிலுக்குக் குடையும் ஆச்சு

அம்மா: மரமே வாங்கும்மா. பிளாஸ்டிக் வேண்டாம்

அண்ணன்: அழகை அப்புறம் பார்க்கலாம். உட்கார்ற உயரம் எவ்வளவுன்னு போட்டிருக்கானா?

நான்: முதல்ல பெஞ்ச் 31 செ.மீ., டேபிள் 53. ரெண்டாவது 26, 46. மூணாவதுல "3 முதல் 10 வயது வரை"ன்னு மட்டும் இருக்கு

அண்ணன்: மூணு வயசுப் பிள்ளையும் பத்து வயசுப் பிள்ளையும் ஒரே உயரத்துல எப்படி உட்காரும்? வயசைப் பார்த்து வாங்காதே, அளந்து வாங்கு. ரெண்டு பேரையும் செருப்போட உட்கார வெச்சு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் டேப் வெச்சுப் பாரு. பெஞ்ச் அதைவிட உயரமா இருக்கக் கூடாது. பாதம் முழுசாத் தரையில பதியணும். கால் தொங்கினா கொஞ்ச நேரத்துல நெளிய ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் பெஞ்ச் மேல முட்டி போட்டு ஏறுவாங்க. விழறது அப்பதான்

நான்: இரு, அளந்துட்டு வரேன்

நான்: பெரியவன் 32. சின்னவ 25, அவ நிக்கவே மாட்டேங்கறா 😅

சித்தப்பா: அண்ணன் சொல்றது சரிம்மா. ஐரோப்பாவுல பள்ளிக்கூட மேசை நாற்காலிக்கு ஈஎன் 1729னு ஒரு தரம் இருக்கு. அதுல 93லிருந்து 116 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு நாற்காலி 26, மேசை 46. 108லிருந்து 121 வரைக்கும் 31, 53. அதுக்கு அடுத்தது 35, 59. கழிச்சுப் பாரு, உட்கார்ற பலகைக்கும் மேசைக்கும் நடுவுல 20லிருந்து 24 செ.மீ.தான் வரும். அதுக்கு மேல போனா பிள்ளை தோளைத் தூக்கிட்டே படம் வரையும், கழுத்து வலிக்கும். உன் முதல் டேபிள் பெரியவனுக்குச் சரியா இருக்கு

நான்: அப்போ சின்னவளுக்கு, சித்தப்பா?

சித்தப்பா: அவளுக்குக் கால் வைக்க ஒரு பலகை அடிச்சுக்கலாம். பெரியவனை 26ல உட்கார வெச்சா முட்டி மேசையில இடிக்கும், அதுக்கு வழி கிடையாது. சரி, ரெண்டு மர டேபிளுக்கும் பக்கவாட்டுப் படம் இருந்தா அனுப்பு. எனக்கு அதுதான் முக்கியம்

நான்: 📷 📷

சித்தப்பா: ரெண்டாவதுல கால் தரையைத் தொடுற இடத்தைப் பாரு. பெஞ்ச் ஓரத்துக்கு ரொம்ப உள்ளேயே நின்னுடுது. ரெண்டு பிள்ளையும் ஒரே பக்கம் உட்கார்ந்தா, இல்ல எதிர்ப்பக்கம் இருந்தவன் சட்டுனு எழுந்து ஓடினா, மொத்த டேபிளும் மேல சாயும். முதல் டேபிள்ல கால் பெஞ்சுக்கு வெளியே வரைக்கும் வந்திருக்கு பாரு. அதுல அந்தப் பயம் இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி நேர்ல போய் ஒரு பக்கத்து பெஞ்ச் ஓரத்தைக் கையால நல்லா அழுத்து. எதிர்ப்பக்கம் தூக்கினா திரும்பிப் பார்க்காம வந்துடு

அக்கா: அட, நான் குடையைத்தான் பார்த்தேன்

சித்தப்பா: குடையும் யோசிக்க வேண்டியதும்மா. லேசான டேபிள்னா நல்ல காத்துக்கு அதோட சேர்த்துக் கவிழ்த்துடும். மரத்தடி நிழல்ல போட்டா குடையே வேண்டாம்

அம்மா: தம்பி, நானும் பக்கத்துல உட்கார்ந்துதான் கதை சொல்லுவேன். என்னைத் தாங்குமா?

சித்தப்பா: வேண்டாம் அண்ணி. பலகை தாங்கினாலும் பெரியவங்க ஒரு ஓரமா உட்கார்ந்தா சாயலாம். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கோங்க, முதுகுக்கும் நல்லது

அம்மா: சரிப்பா

நான்: மூணாவது மடக்கி உள்ளே வெச்சுக்கலாம்னு பார்த்தேன். கழுவறதும் சுலபம்

அண்ணன்: கழுவறது சுலபம்தான். ஆனா மடக்குற மூட்டுல விரல் மாட்டும். சின்னவ எதையும் நோண்டாம விட மாட்டா. பூட்டு நல்லா விழலைன்னா உட்கார்ந்திருக்கும்போதே மடங்கும். அதோட வெயில் தாங்குற மருந்து சேர்க்காத பிளாஸ்டிக் நாளாக நாளாக வெளுத்து நொறுங்கும்

அக்கா: எங்க எதிர்வீட்டுல ஒரு பழைய மர டேபிள் சும்மாவே தரேங்கறாங்க. வெளியிலேயே கிடந்தது, மரம் லேசாப் பச்சை நிறமா இருக்கு. வாங்கி வைக்கட்டுமா?

சித்தப்பா: எவ்வளவு பழசு?

அக்கா: இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கும்னாங்க

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். வெளியில போடுற மரம் உளுத்துப் போகாம இருக்க அப்பல்லாம் ஆர்சனிக் கலந்த மருந்து ஏத்துவாங்க. அந்தப் பச்சை அதனாலயும் வரும். அமெரிக்காவுலேயே வீட்டு உபயோகத்துக்கு அதை 2003 கடைசியிலதான் நிறுத்தினாங்க. பிள்ளைங்க மேசையைத் தொட்ட கையை அப்படியே வாயில வைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் புதுசாக்கலாம்னும் நினைக்காதே, அந்தத் தூசு இன்னும் மோசம்

அக்கா: ஐயோ, வேண்டாம்னு சொல்லிடறேன் சித்தப்பா

நான்: அப்போ முதல் டேபிள்தான். வேற என்ன பார்க்கணும்?

சித்தப்பா: மூலை உருண்டையா இருக்கணும். போல்ட் தலை மரத்துக்குள்ள இறங்கியிருக்கணும், பெஞ்ச் அடியிலயும் கையை விட்டுத் தடவிப் பாரு. சிராய் இருந்தா உன் கையில முதல்ல படட்டும். வெளியில கிடக்கிற மரம் நனைஞ்சு காய்ஞ்சு சுருங்கும், போல்ட் தளரும். அப்பப்ப முறுக்கிக்கணும்

நான்: ஆளி விதை எண்ணெய் பூசினா நல்லதுன்னு படிச்சேன்

சித்தப்பா: பூசு, நல்லதுதான். ஆனா பூசின துணியைச் சுருட்டி ஓரமாப் போட்டுடாதே, சூடேறித் தானா தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காய வெச்சு அப்புறம் தூக்கிப் போடு. இதை மறக்காதேம்மா

நான்: சரி சித்தப்பா. நாளைக்கு நேர்ல போய் அழுத்திப் பார்த்துட்டு வாங்கிடறேன்

அண்ணன்: வந்ததும் ரெண்டு காலுக்கும் நடுவுல உள்பக்க அகலம் அளந்து அனுப்பு. சின்னவளுக்குக் கால் பலகை நான் அறுத்துட்டு வரேன். தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்துல, அவ உட்கார்ற பக்கம் மட்டும்

நான்: இடது பக்கம்ணா. ஜன்னலுக்கு நேரா உட்காரணுமாம், இப்பவே சொல்லிட்டா