புதுப்பிப்பு: ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது

மக்கள் தொடர்பில் முதுகலை ஆய்வுக்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம், கிரூனிக், ஹன்ட் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் வகுத்த நான்கு மக்கள் தொடர்பு மாதிரிகளா, கூம்ஸின் நெருக்கடித் தொடர்புக் கோட்பாடா என்று இங்கே கேட்டிருந்தேன். இரண்டும் இல்லை. கென்ட், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரின் உரையாடல் கோட்பாடு. அதாவது, நிறுவனம் அறிவித்துவிட்டு நிற்காமல் மக்களோடு உண்மையாக உரையாட வேண்டும் என்பது. களம், நம்ம பினாங்குத் தைப்பூசம்.

"கோட்பாட்டைத் தேடுவதற்கு முன்னால், எந்தக் கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது என்று பாருங்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அதுதான் வழி காட்டியது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் எத்தனை தரப்பு! பந்தல் போடுபவர்கள், காவடி எடுப்பவர்கள், தங்க ரதத்துக்கும் வெள்ளி ரதத்துக்கும் தனித்தனி ஏற்பாட்டாளர்கள். பந்தல் இசை, ரத நேரம் பற்றி அறிவிப்பு வந்தால் முகநூலில் கேள்விகள் குவியும். பதில் வருகிறதா? அந்தக் கேள்விகளால் ஏதாவது முடிவு மாறுகிறதா?

2002 கட்டுரையில் கென்ட்டும் டெய்லரும் உரையாடலுக்குச் சொல்லும் ஐந்து பண்புகளில் எனக்கு முக்கியமானது இடர் ஏற்பு. பேச உட்காரும் நிறுவனம், தானும் மாற வேண்டி வரலாம் என்பதை ஏற்க வேண்டும். லைக்குகளை எண்ணினால் இது தெரியாது. அதனால் பதிவுகளை அலசுவதோடு பந்தல் குழுக்களையும் நேரில் பேட்டி எடுக்கப்போகிறேன்.

சரி, ஒரு வேண்டுகோள். பந்தல் குழுவில் இருப்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். தமிழிலேயே பேசலாம், பெயர் வெளிவராது.