மனந்திரும்பிய ஒருவரை எதிரே பார்த்திருக்கிறீர்களா?

தொடங்கி வைத்தவர்:

சாட்சி நேரத்தில் நாம் கேட்பதெல்லாம் மனந்திரும்பினவர் சொல்லும் கதைதான். முன்பு இப்படி இருந்தேன், கர்த்தர் தொட்டார், இப்போது மாறிவிட்டேன். நல்லது. ஆனால் அந்த 'முன்பு' காலத்தில் அவரிடம் அடிபட்டவர்கள் பின்வரிசையில் எங்காவது உட்கார்ந்திருக்கலாம். சபைப் பக்கமே வராமல் போயிருக்கவும் கூடும். மைக்கை அவர்களிடம் கொடுத்தால் என்ன சொல்வார்கள்? அதனால் இங்கே சொந்தச் சாட்சி வேண்டாம். உங்கள் எதிரே வந்து நின்ற மனந்திரும்புதல் எப்படி இருந்தது, அதை எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் கணக்கில் ஒரு தில்லுமுல்லு நடந்தது. செய்தவர் பக்கத்து மேசைக்காரர், பழி விழுந்தது என்மேல். வேலை போகவில்லை, பெயர் போனது. பிற்பாடு அவர் ஞானஸ்நானம் எடுத்தார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பார், "சரி, விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் சொன்னது வேறு: "காலையிலேயே மேலதிகாரியைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். முதல்ல உங்ககிட்ட வந்திருந்தா நீங்க பெரிய மனசு பண்ணி வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. எனக்கும் அது வசதியாப் போயிருக்கும்." அதைக் கேட்ட பிறகுதான் அவரை நம்பினேன். அவருக்கு வேலை போனது. ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார் என்ற பேச்சையே அன்று அவர் எடுக்கவில்லை.

லூக்கா 19ல் வரும் சகேயுவின் கதையை இப்போது வேறு கண்ணோடு வாசிக்கிறேன். வரி வசூலிப்பவர்களின் தலைவன் அவன். இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். ஏமாற்றிப் பறித்ததை உணர்ந்து திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. "நாலத்தனை" என்பது யாத்திராகமம் 22ல் ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கும் விற்றவனுக்கும் விதித்தது. சகேயு குறைந்த கணக்கைத் தேடவில்லை, திருடனுக்குரிய கணக்கைத் தனக்குப் போட்டுக்கொண்டான். ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தி என்பது அதற்கும் மேலே.

சிறை ஊழியத்தில் இருக்கும் சகோதரி:

சிறையில் வேதபாடம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும், யார் எதற்காக வருகிறார் என்று மோப்பம் பிடிப்பது. அது கொஞ்சம் கசப்பான பழக்கம்தான். அழுவார்கள், கையை உயர்த்துவார்கள், அடுத்த முறை போகும்போது "நன்னடத்தைக்கு ஒரு கடிதம் தர முடியுமா சிஸ்டர்" என்பார்கள். கொடுப்பதும் உண்டு. வெளியே வர ஆசைப்படுவது பாவமில்லையே.

ஒருவர் மட்டும் என்னிடம் கடிதம் கேட்கவில்லை, எழுதிக் கொண்டுவந்தார். அவர் கையால் உயிரிழந்த இளைஞனின் தாயாருக்கு. கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். நான் மறுத்தேன். அந்த அம்மாவுக்கு அது இன்னொரு அடியாக விழலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்மேல் மன்னிக்கும் பாரத்தையும் நாம் ஏற்றிவைக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிப்போனது.

பிறகு வேறு கடிதத்தோடு வந்தார். முதல் கடிதத்தில் "என்னை மன்னியுங்கள்" என்று இருந்தது. இதில் அந்த வரி இல்லை. விசாரணையில், செத்தவன்தான் முதலில் கை ஓங்கினான் என்று இவர் சொல்லியிருந்தார். அது பொய் என்று எழுதியிருந்தார். அந்தத் தாய்க்கு மட்டுமல்ல, நீதிமன்றத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். மேல்முறையீடு கெட்டுப்போகும் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. தாயாருக்கான கடிதத்தை, "அவங்களா ஏதாவது கேட்டா கொடுங்க, கேக்கலன்னா இருக்கட்டும்" என்று சொல்லி முறைப்படி ஒப்படைத்தார். அவர்கள் இதுவரை கேட்கவில்லை. இவரும் என்ன ஆனது என்று எங்களை விசாரிப்பதில்லை.

வேறொரு சகோதரர்:

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சகேயு பணம் கொடுத்ததால் இரட்சிப்பு வந்ததா? கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு என்கிறது எபேசியர் 2:8. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்? கிரியையைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறோமோ என்று எனக்குப் பயம்.

தொடங்கி வைத்தவர்:

நியாயமான பயம்தான் சகோதரரே. இயேசு சகேயுவின் வீட்டுக்கு வருகிறேன் என்றது அவன் பணத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கள்ளன் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். அவன் கை கட்டுண்டு கிடந்தது, வாய் ஒன்றுதான் மிச்சம். அந்த வாயால், நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், இவர் தகாததொன்றையும் செய்யவில்லை என்று கூட்டத்துக்கு நடுவே சொன்னான். முடிந்ததைச் செய்தான். நமக்குக் கை கால் எல்லாம் சும்மாதானே இருக்கிறது. 2:8ஐ எடுத்தால் 2:10ஐயும் சேர்த்து எடுங்கள், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அங்கேதான் வருகிறது.

பெயர் வேண்டாம் என்று கேட்ட சகோதரி:

என் வீட்டுக்காரர் எத்தனை கூட்டத்தில் அழுதிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. அழைப்பு கொடுத்தால் முதல் ஆளாக முன்னால் போவார். பாஸ்டர் தலையில் கை வைப்பார், எல்லோரும் அல்லேலூயா சொல்வார்கள், பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள். ஓரிரு நாளில் பாட்டிலோடு வருவார். "மூணாம் நாள் உயிர்த்தெழுறது நம்ம வீட்டுப் பழைய மனுஷன்தான்" என்பாள் என் மூத்தவள். திட்டுவேன், ஆனால் சிரிப்பு வந்துவிடும்.

கடைசியில் அவர் மாறத் தொடங்கியபோது அழுகையே இல்லை. சம்பள ஏடிஎம் அட்டையை என்னிடம் கொடுத்தார். குடிநோய் மருத்துவரிடம் போகும்போது நானும் கூட வர வேண்டும் என்றார். "அங்கே நான் குறைச்சுச் சொன்னா நீ திருத்து." பிள்ளைகளை உட்கார வைத்து, யாருக்கு என்ன செய்தார் என்று அவர் வாயாலேயே சொன்னார். 'அப்பா தப்புப் பண்ணிட்டேன்' என்று மொத்தமாக இல்லை. சின்னவனிடம், "உன் ஃபீஸ் பணத்தை எடுத்தது நான். தொலைச்சிட்டேன்னு உன்னை அடிச்சதும் நான்" என்றார். அவன் அதுவரை தான்தான் தொலைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

இடையில் வழுக்கியதும் உண்டு. ஆனால் நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே வந்து சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும், அவர் போகும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் 1935ல் தொடங்கிய இயக்கம். அவர்களுடைய 12 படிகளில் எட்டாவது, தன்னால் தீங்கு பட்டவர்களின் பட்டியலைப் போடுவது. ஒன்பதாவது, முடிந்தவரை நேரில் போய்ச் சரிசெய்வது, அதனால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ கேடு வரும் என்றால் தவிர. சிறை ஊழிய சகோதரி எழுதியதை வாசித்ததும் எனக்கு அந்தத் 'தவிர'தான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு காலமும் சபையில் யாரும் இவரைப் பட்டியல் எழுதச் சொன்னதில்லை. முழங்காலில் நிற்கத்தான் சொன்னார்கள்.

மூத்தவள் இன்னும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மன்னிக்காவிட்டால் உன் ஜெபம் கேட்கப்படாது என்று ஜெபக்குழு அக்கா ஒருவர் அவளிடம் சொல்லிவிட்டார். அந்த அக்காவிடம் போய்ப் பேசியது இவர்தான். "அவளை விடுங்கக்கா. அவ நம்புற மாதிரி நான் இன்னும் எதுவும் செய்யல."

ஒரு கத்தோலிக்க சகோதரர்:

பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று நாங்கள் நினைப்பதாகப் பலருக்கு எண்ணம். 1992ல் வெளியான எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் பத்தியைப் பாருங்கள். திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், அதனால் விளைந்த எல்லாக் கேட்டையும் சரிசெய்துவிடாது என்று தெளிவாகவே இருக்கிறது.

இதில் பெயர் விஷயம்தான் கடினம். என் அம்மாவைப் பற்றி ஒரு பெண் இல்லாததைப் பரப்பியிருந்தார். பிறகு மனம் வருந்தி, யார் யாரிடம் சொன்னாரோ அவர்களை எல்லாம் தேடிப்போய், "நான் சொன்னது பொய்" என்றார். பாதிப்பேர் இந்த இரண்டாவது செய்தியை நம்பவில்லை. வதந்திக்குக் கிடைத்த வரவேற்பு மறுப்புக்குக் கிடைக்குமா? அப்படியும் அவர் விடவில்லை, அம்மாவைப் பற்றிப் பேச்சு எழுந்த இடத்தில் எல்லாம் மறுத்துக்கொண்டே இருந்தார்.

ஓய்வுபெற்ற போதகர்:

நல்ல அனுபவங்கள். எனக்கு மறுபக்கமும் நிறையத் தெரியும். விழுந்துபோன ஊழியர்கள் என்னிடம் வந்தால் முதல் கேள்வி பெரும்பாலும் "மறுபடி எப்போது பிரசங்கிக்கலாம்?" என்பதுதான். 1 சாமுவேல் 15ல் இஸ்ரவேலின் ராஜாவான சவுல் "நான் பாவஞ்செய்தேன்" என்று சொன்ன அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாகத் தன்னைக் கனப்படுத்தும்படி தீர்க்கதரிசி சாமுவேலைக் கேட்கிறான்.

ஒரு வாலிபர் அப்படி இல்லை. சபைப் பணத்தில் கை வைத்தவர், பிடிபடுவதற்கு முன்பே வந்து சொன்னார், தவணையாகக் கட்டி முடித்தார். கட்டி முடித்ததும் கமிட்டியில் சிலர் அவரை மறுபடி பொருளாளராக்கலாம் என்றார்கள், மன்னிப்பைக் காட்ட வேண்டுமாம்! அவர்தான் மறுத்தார். "காணிக்கைப் பெட்டிப் பக்கம் என்னை விடாதீங்க ஐயா. வேற வேலை எதுன்னாலும் கொடுங்க."

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த ஒருவர் எவ்வளவு அழுதாலும், அது காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம். கமிட்டி அறையில் ஜெபத்தோடு முடித்துவிடக் கூடாது. தண்டனையை ஏற்றுக்கொள்ளாமல் மனந்திரும்பிவிட்டேன் என்பவரை நான் நம்பமாட்டேன். ஏற்றுக்கொண்டு வந்தாலும் பிள்ளைகள் பொறுப்பை அவரிடம் கொடுக்கமாட்டேன்.

அப்புறம், ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டனின் கதையைச் சொல்வதுண்டு. புயலில் சிக்கிய கப்பலில் அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டது 1748ல். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போனார், தலைவராகவும் இருந்தார். 1764ல் குருப்பட்டம் பெற்றார். அடிமை வியாபாரத்தில் தன் பங்கை ஒப்புக்கொண்டு, அதை ஒழிக்கச் சொல்லிப் பகிரங்கமாக எழுதியது 1788ல்தான். பிறகு அதைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற விசாரணையில் சாட்சியும் சொன்னார். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே 40 வருஷம். அந்த 40 வருஷத்தில் கப்பல் ஏற்றப்பட்டவர்களுக்கு இந்தத் தாமதம் என்ன விலை என்பதையும் யோசிக்க வேண்டும். அவரை மேடையில் புகழும்போது அதை விட்டுவிடுகிறோம்.

இன்னொருவர்:

நாம் தீங்கு செய்தவர் இறந்துபோயிருந்தால்? கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக எழுதியவர்:

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாகப்பிரிவினையில் அப்பா தன் பங்குக்கு மேல் எழுதிக்கொண்டவர். பெரியப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், தம்பி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகும் அப்பா சபையில் மூப்பராக இருந்து, இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் அப்பமும் ரசமுமான திருவிருந்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு மத்தேயு 5:23ல் பிரசங்கம். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போ என்ற பகுதி. அன்று அப்பா திருவிருந்து எடுக்கவில்லை. அடுத்த முறையும் எடுக்கவில்லை. அப்புறம் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அண்ணனுக்குக் கோபம். "நீங்க மனந்திரும்புறதுக்கு எங்க பங்கையா கொடுக்கணும்?" எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான், வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவே. "உங்க பங்குன்னு நான் காட்டினதே பொய்டா" என்றார் அப்பா. அண்ணன் இறங்கி வந்து, சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடலாமே என்றான். சபையிலும் சிலருக்கு அது பிடித்திருந்தது! அப்பா எண்ணாகமம் 5ஐ எடுத்துக் காட்டினார். முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் தீங்கு பட்டவனுக்கு. வாங்கிக்கொள்ள இனத்தான் யாரும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகும். பெரியப்பாவுக்கு மகள் இருக்கிறார்.

நிலத்தை அக்கா பெயருக்கு எழுதி, அத்தனை வருஷ விளைச்சலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பணமும் எடுத்துக்கொண்டு போனோம். மூப்பர் பொறுப்பிலிருந்து அப்பா முன்னதாகவே விலகிவிட்டார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சித்தப்பா, எங்கப்பா படுத்திருந்தப்போ மருந்துக்கு உங்ககிட்டதான் கடன் கேட்டு வந்தார்" என்றார். கொடுத்தாரா இல்லையா என்று அக்கா சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அக்கா பத்திரத்தை வாங்கிக்கொண்டார், எங்களை உட்காரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அதை அப்பா ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை, அண்ணன் பேசினால் அதட்டுவார்.

கேட்ட சகோதரரே, இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களைத் தேடுங்கள். கொடுக்க வேண்டியதைக் கையோடு கொண்டுபோங்கள். நடந்ததை ஒரு தாளிலும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில் நிற்கும்போது வாய் வராது, அப்பாவுக்கு வரவில்லை. மீதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.