ஒரே சிப், ரெண்டு ஓஎஸ்: டிரைவர் கோடை பொதுவா வச்சுக்கணுமா, தனித்தனியா எழுதணுமா?

வயக்காட்டு_கோடர்:
எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ்ல மூணு வாரமா ஓடுற சண்டை இது, இங்க கெர்னல்ல (ஓஎஸ்ஸோட உள்மையம்) கை வச்சவங்க நெறய பேர் இருக்கீங்கன்னு கேக்குறேன். எங்க போர்டுல ஒரு ஈதர்நெட் சிப், ஒரு புராடக்ட்ல லினக்ஸ் ஓடுது, இன்னொண்ணுல சின்னதா ஒரு ஆர்டிஓஎஸ் (நேரம் தவறாம வேலை முடிக்கற ஓஎஸ்). மேனேஜர் என்ன சொல்றார்னா, சிப்பை ஓட்டுற கோடு, அதான் டிரைவர், முழுக்க ஒரே கோர், லாக், டைமர், மெமரி, டிஎம்ஏ (சிபியு இல்லாம சிப்பே மெமரியைத் தொடுறது) எல்லாத்துக்கும் ஓஎஸ்ஸோட பேச நடுவுல ஒரு ராப்பர், ஓஎஸ் மாறுனா ராப்பரை மட்டும் மாத்திக்கலாம்ங்கறார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லினக்ஸ் டிரைவரை மெயின்லைனுக்கு, அதாவது லினக்ஸோட அதிகாரபூர்வ சோர்ஸுக்கு, அனுப்பணும்னும் அவரேதான் சொல்றார். ரெண்டும் சேர்ந்து நடக்குமா?

ரிஜிஸ்டர்_ராசா:
நடக்கும் தம்பி, ஏற்கனவே நடந்திருக்கு. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி மூணு ஓஎஸ்லயும் ஏசிபிஐ (பவர், ஹார்டுவேர் செட்டப்புக்கான ஸ்டாண்டர்டு) வேலையைப் பாக்குறது இன்டெல்கிட்டருந்து வந்த ஏசிபிஐசிஏங்கற ஒரே கோடுதான், ஓஎஸ்கிட்ட அதுக்கு என்ன வேணுமோ அத்தனையும் ஒரு மெல்லிசான லேயர்ல இருக்கு, லினக்ஸ் ஸ்டைலுக்கு கோடை மாத்திக் குடுக்கறதுக்குன்னே தனி டூல் வச்சிருக்காங்க. ஃப்ரீபிஎஸ்டில இன்டெல் இ1000 நெட்வொர்க் டிரைவர் ஃபோல்டரைத் திறந்து பாருங்க, ஓஎஸ்டெப்னு ஒரு ஹெடர் இருக்கும், ஓஎஸ்ஸுக்கு ஓஎஸ் மாறுறதை வைக்கத்தான் அது, வேற எதுக்குன்னு நெனக்கிறீங்க?

ஒரு சிப்பைப் பத்தின நெசமான அறிவு டேட்டாஷீட்ல பாதிகூட இருக்காது, சிப்போட தப்புப் பட்டியலான எர்ராட்டாவுலயும் அதை டெஸ்ட் பண்ணவன் தலையிலயும்தான் இருக்கும். ரீசெட் பிட் போட்டதும் எவ்ளோ நேரம் காத்திருக்கணும், எந்த ரிஜிஸ்டரை (சிப்பைக் கட்டுப்படுத்த அதுக்குள்ள இருக்கற சின்ன மெமரி) ரெண்டு தடவ படிக்கணும், லிங்க் டவுன் ஆகுறப்ப எதைத் தொடவே கூடாது, இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கற விஷயம். ரெண்டு காப்பி வச்சா ஒண்ணுல சரி பண்ணிட்டு இன்னொண்ண மறந்துருவோம். நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஆர்டிஓஎஸ் பக்கம் சரி பண்ண ரீசெட் பக் லினக்ஸ் காப்பில எட்டு மாசம் அப்படியே கெடந்துச்சு, கஸ்டமர் ஃபோன் பண்ணித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அதனால மேனேஜர் சொல்றது நியாயம்.

மெர்ஜ்_விண்டோ:
ராசாண்ணே, ஏசிபிஐசிஏ இங்க செட் ஆகாது. அது ஒரு பெரிய ஸ்டாண்டர்டுக்கு எழுதுன இன்டர்ப்ரெட்டர், நெட்வொர்க் ஸ்டாக்கு மாதிரி ஒரு சப்சிஸ்டத்துக்குள்ள நூறு டிரைவரோட ஒண்ணா குடித்தனம் பண்றது கெடையாது. இவர் கேக்குறது டிரைவர்.

2016 டிசம்பர்ல ஏஎம்டிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடுற மாதிரி டிஸ்ப்ளே கோடை ஒரே கோரா எழுதி, அப்ப டிஏஎல்னு பேரு, லினக்ஸோட கிராபிக்ஸ் பகுதியான டிஆர்எம்மோட மெயில் லிஸ்டுக்கு அனுப்புனாங்க, இத மெர்ஜ் பண்ண (உள்ள சேக்க) முடியாதுன்னு அந்தப் பகுதியோட மெயின்டெய்னர் டேவ் ஏர்லி நேராவே சொல்லிட்டார். கோடு அசிங்கமா இருக்குன்னு அவர் தள்ளல. டிஆர்எம்ல பத்து டிரைவர் இருக்கு, நாளைக்கு ஒரு பொது ஸ்ட்ரக்சரை மாத்தணும்னா பத்தையும் ஒரே பேட்ச் சீரிஸ்ல மாத்தியாகணும், அதுல ஒரு டிரைவர் மட்டும் வேற ஓஎஸ்ஸோட சேத்து வச்சிருக்கற கோடுன்னு சொல்லி தன்னோட லேயருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா, வெளிய இருந்து வர்றவன் அதுல கை வைக்கவே முடியாது. அந்த லேயரால ஏஎம்டிக்கு லாபம், அதோட செலவு மத்த எல்லார் தலையிலயும். எனக்கு இப்பவும் அதுதான் நியாயமாப் படுது.

ரிஜிஸ்டர்_ராசா:
கதையைப் பாதில நிறுத்திட்டீங்களே! 4.15 கெர்னல்ல அது உள்ள வந்துச்சா இல்லையா? டிசிங்கற பேர்ல, லட்சம் வரிக்கு மேல. அதுவரைக்கும் 2017 ஆகஸ்டுல ஏஎம்டியோட வேகா கிராபிக்ஸ் கார்டு வாங்குனவன் என்ன பண்ணான்? மெயின்லைன் கெர்னல்ல மானிட்டருக்குப் படமே வரல. அந்தச் செலவை யார் கணக்குல எழுதுவீங்க? ஏஎம்டில லினக்ஸுக்கு இருந்தது சின்ன டீம், ஹார்டுவேர் ஆளுங்க சரிபாத்துக் குடுத்த கோடை வச்சுக்கிட்டாத்தான் புது சிப் வர்ற அன்னிக்கே சப்போர்ட் குடுக்க முடியும்னு அவங்க சொன்னதுல என்ன தப்பு?

இன்னைக்கும் அந்த டிஸ்ப்ளே கணக்குப் போடுற ஃபைல்ல மேல ஒரு கமெண்ட் இருக்கு, இது ஹார்டுவேர் என்ஜினியர்கள்கிட்டருந்து நேரா வந்தது, கெர்னல் ஸ்டைல்ல இருக்காது, வெளிப்படையா தப்பு இருந்தாலொழிய மாத்தாதீங்கன்னு. அதை நான் மதிக்கிறேன்.

மெர்ஜ்_விண்டோ:
அதே ஃபைலை நானும் திறந்து பாத்திருக்கேன்ணே. ஃப்ளோட்டிங் பாயின்ட்ல, அதாவது தசம எண்ல, கணக்குப் போடுது. கெர்னலுக்குள்ள சும்மா ஃப்ளோட் போட முடியாது, தசமக் கணக்குப் போடுற எஃப்பியுவோட ஸ்டேட்டை எடுத்து வச்சுட்டுத் திருப்பி வைக்கணும், அதுக்காக சுத்தி மேக்ரோ போட்டு, எக்ஸ்86 தாண்டி மத்த ஆர்க்கிடெக்சர்ல பில்டு ஆக வைக்கவே எத்தனை பேட்ச். ஒரே ஃபங்ஷனுக்கு ஸ்டாக் எவ்ளோ தின்னுதுன்னு கிளாங் கம்பைலர் வார்னிங் குடுத்துக்கிட்டே இருந்துச்சு. மாத்தாதேன்னு எழுதி வச்ச கோடை யார் சரி பண்றது?

4.15ல உள்ள வந்தது 2016ல அனுப்புன அதே கோடு கெடையாது. நடுவுல ஒரு வருஷம் உக்காந்து லேயரை உரிச்சிருக்காங்க, டிஆர்எம்மோட அடாமிக் ஸ்டேட்டோட (திரை மாத்தங்களை ஒரே மூச்சுல பண்ற முறை) ஒட்ட வச்சிருக்காங்க. முடியாதுன்னு சொன்னதாலதான் அந்த வேலையே நடந்துச்சு.

வயக்காட்டு, என் அனுபவத்தையும் சொல்றேன். ஒரு வெண்டர் குடுத்த டிரைவர், ஒரே கோர், கீழ ராப்பர், அப்படியே உங்க மேனேஜர் கேக்குற டிசைன். டிஎம்ஏ பஃபரை சிபியு படிக்கறதுக்கு முன்னாடி கேஷை (சிபியு பக்கத்துல வச்சிருக்கற காப்பி) இன்வாலிடேட் பண்ணணுமே, அதுக்கு ராப்பர்ல ஒரு மேக்ரோ, அவங்க டெஸ்ட் பண்ண மெஷின் கேஷ் கோஹரன்ட், அந்தக் காப்பியை ஹார்டுவேரே சரி பண்ணிக்கும், அதனால மேக்ரோ காலி. எங்க ஏஆர்எம் போர்டு அப்படிக் கெடையாது. ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒண்ணு பழைய டேட்டாவோட வரும், செக்சம் ஃபெயில், லோடு ஏத்துனாத்தான் வரும், பிரின்ட் போட்டா போயிரும். பதினெட்டு நாள். லினக்ஸ்ல நேரா டிஎம்ஏ ஏபிஐல (கெர்னலே குடுக்கற ஃபங்ஷன்கள்) எழுதியிருந்தா சிங்க் பண்ற கால் எங்க இல்லைன்னு ரிவ்யூ பண்றவன் பாத்த உடனே கேட்டிருப்பான். ராப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சு கெடந்ததால யார் கண்ணுலயும் படல. லாக்கும் அதே கூத்து, ராப்பர்ல லாக்னு ஒரே பேரு, லினக்ஸ்ல அது தூங்கிக் காத்திருக்கற மியூட்டெக்ஸ், தூங்கவே கூடாத இன்டரப்ட்லருந்து அதைக் கூப்புட்டா என்னாகும்னு உங்களுக்கே தெரியும்.

பழைய_போர்ட்டு:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ரெண்டு பேரும் ஷேரிங்னு ஒரே வார்த்தையைச் சொல்லிட்டு ரெண்டு வேற விஷயத்தைப் பேசுறீங்க.

நெட்பிஎஸ்டி சோர்ஸ்ல டெவ் ஃபோல்டருக்குள்ள ஐசினு ஒரு ஃபோல்டர் உண்டு. சிப்போட கோர் அங்க இருக்கும், அது பிசிஐ பஸ்ல உக்காந்திருக்கா ஐஎஸ்ஏல உக்காந்திருக்காங்கற ஒட்டு கோடு மட்டும் அந்தந்த பஸ் ஃபோல்டர்ல. ரிஜிஸ்டரைத் தொட பஸ்_ஸ்பேஸ், டிஎம்ஏக்கு பஸ்_டிஎம்ஏ. அதனாலதான் ஒரே சீரியல் டிரைவர் அத்தனை மெஷின்லயும் ஓடுது. இதுவும் ஷேரிங்தான், ஆனா கெர்னலோட சொந்த ஏபிஐ மேல நிக்குது, வெளியாளோட ராப்பர் மேல இல்ல.

லினக்ஸ்ல பக்கத்துலயே உதாரணம் இருக்கு. சினாப்சிஸ் விக்கிற டிசைன்வேர் ஈதர்நெட் ஐபியை (சிப்புக்குள்ள வைக்கற ரெடிமேட் டிசைன்) ராக்சிப்பும் வாங்குது, ஆல்வின்னரும் வாங்குது, அம்லாஜிக், எஸ்டி, என்எக்ஸ்பினு எல்லாரும் வாங்கி அவங்கவங்க சிப்புக்குள்ள வச்சுக்கறாங்க. எல்லாத்துக்கும் எஸ்டிஎம்மேக்னு ஒரே டிரைவர்தான், கிளாக், ரீசெட், பின் டிலே மாதிரி ஆளுக்காள் மாறுறதுக்கு மட்டும் டிடபிள்யூமேக்னு ஆரம்பிக்கிற சின்னச் சின்ன ஃபைல். வயக்காட்டு, உங்க சிப்புக்குள்ள இருக்கற மேக் (ஈதர்நெட் பாக்கெட்டை அனுப்பி வாங்குற பகுதி) உங்க ஆளுங்களே டிசைன் பண்ணதா, இல்ல வெளிய வாங்குன ஐபியா? முதல்ல அதை விசாரிங்க. டிசைன்வேரா இருந்தா நீங்க எழுத வேண்டியதே இருநூறு முந்நூறு வரிதான்.

கடைசி_பெஞ்சு:
காலேஜ் படிக்கிறேன் அண்ணா, தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. பொதுவா ஒரு கோர் வச்சு டிரைவர் அதுக்குள்ள போய் உக்காந்தா தப்பு, ஹெல்ப்பர் ஃபங்ஷன் வச்சா சரியா? ரெண்டும் பொது கோடுதானே?

பழைய_போர்ட்டு:
நல்ல கேள்வி தம்பி, மன்னிப்பெல்லாம் எதுக்கு. யார் யாரைக் கூப்புடுறாங்கன்னு பாரு. நடுவுல ஒரு லேயர் உக்காந்து எல்லாத்தையும் அதுவே முடிவு பண்ணி, வேணுங்கறப்ப மட்டும் டிரைவரைக் கூப்புட்டா, விசித்திரமான ஹார்டுவேர் ஒண்ணு வர்றப்ப அந்த லேயருக்குள்ள ஒரு ஃபிளாக் சேக்கணும், அடுத்ததுக்கு இன்னொண்ணு, கடைசில ஃபிளாக் காடாயிரும். லினக்ஸ் டெவலப்பர் நீல் பிரவுன் 2009ல இதை மிட்லேயர் மிஸ்டேக்னே எழுதியிருக்கார். லைப்ரரி மாதிரி இருந்தா கடிவாளம் டிரைவர் கையில, வேணுங்கற ஃபங்ஷனை எடுத்துக்கும், ஒத்துவராததை விட்டுட்டு சொந்தமா எழுதிக்கும்.

லினக்ஸ்ல ரெக்மேப்ங்கற பொது லைப்ரரியைப் பாரு. ஐ2சி, எஸ்பிஐ மாதிரி சிப்புகளை இணைக்கற பஸ் வழியா ரிஜிஸ்டர் படிக்கறது, எழுதறது, கேஷ் பண்றது எல்லாத்தையும் ஒவ்வொரு ஆடியோ கோடெக் டிரைவரும் அதே மாதிரி எழுதிக்கிட்டு இருந்துச்சு. ஆடியோ பக்கம் இருந்த அந்தப் பொது கோடை லினக்ஸ் டெவலப்பர் மார்க் பிரவுன் வெளிய எடுத்து 2011ல 3.1 கெர்னல்ல போட்டார். இப்ப பவர் சிப், சென்சார், கிளாக்குனு எங்க பாத்தாலும் அதுதான். அதை யூஸ் பண்ணச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தல, வேலை மிச்சமாகுதுன்னு ஜனங்களே வந்து எடுத்துக்கிட்டாங்க.

ரிஜிஸ்டர்_ராசா:
ரெக்மேப்பை நான் மறுக்கல, நானே தினமும் யூஸ் பண்றேன். ஆனா அது ஒரு ஓஎஸ்ஸுக்குள்ள நடக்குற ஷேரிங். வயக்காட்டோட பிரச்சனை ரெண்டு ஓஎஸ், அதுக்கு நீங்க யாரும் பதில் சொல்லல. ஹைக்கூ ஓஎஸ் மாதிரி சின்ன ப்ராஜெக்ட் என்ன பண்ணும்? ஃப்ரீபிஎஸ்டி வைஃபை டிரைவரை ஒரு கம்பாட்டிபிலிட்டி லேயர் போட்டுத்தான் ஓட்டுது. ஃப்ரீபிஎஸ்டிக்காரங்களே கிராபிக்ஸுக்கு லினக்ஸ்கேபிஐனு லேயர் போட்டு லினக்ஸ் டிஆர்எம்மை எடுத்து ஓட்டுறாங்க. அந்த லேயரெல்லாம் இல்லைன்னா அவங்க லேப்டாப்ல ஸ்கிரீனே ஒழுங்கா வராது. லேயர்னாலே பாவம்னு பேசாதீங்க, எனக்கு அதான் கோவம்.

லினக்ஸ்குள்ளயே 2024ல 6.8 கெர்னல்ல இன்டெல் எக்ஸ்இ கிராபிக்ஸ் டிரைவர் வந்துச்சே, பழைய ஐ915ஓட டிஸ்ப்ளே கோடைத்தான் கம்பாட் ஹெடர் போட்டு ரெண்டாவது தடவ கம்பைல் பண்ணிக்குது. அதை மெர்ஜ் பண்ணாங்கல்ல?

மெர்ஜ்_விண்டோ:
பண்ணாங்க, ரெண்டு டிரைவரும் ஒரே ட்ரீக்குள்ள (சோர்ஸ் தொகுப்பு) இருக்கறதால. பொது ஏபிஐயை மாத்துறவன் ரெண்டையும் ஒரே பேட்ச்ல மாத்திட்டுப் போயிடலாம்.

ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கூ உதாரணத்துல ஒண்ணைக் கவனிங்கண்ணே. அங்க லேயரைத் தூக்கிச் சுமக்கறது கோடை எடுத்துக்கற ஆளு. லினக்ஸ்ல இருக்கற டிரைவர் லினக்ஸ் மாதிரியே சுத்தமா இருக்கு, வேணுங்கறவன் தன் வீட்டுல அடாப்டர் போட்டுக்கறான். வயக்காட்டோட மேனேஜர் கேக்குறது தலைகீழ், அடாப்டரை லினக்ஸ் ட்ரீக்குள்ளயே வைங்கறார். அப்படி ஹால் ஃபோல்டர், ஓஎஸ்டெப் ஃபோல்டரோட ஸ்டேஜிங்ல (இன்னும் தேறாத டிரைவர்களை வைக்கற இடம்) வந்த ரியல்டெக் ஆர்8188இயு வைஃபை டிரைவர் கதையைப் பாருங்க, எத்தனையோ பேர் வருஷக்கணக்கா லேயரை உரிச்சு உரிச்சு பேட்ச் போட்டாங்க, கடைசில ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யுன்னு லினக்ஸோட சொந்த வைஃபை கோடான மேக்80211 மேல புதுசா எழுதுன டிரைவர் அந்த சிப்பையும் பாத்துக்க ஆரம்பிச்சதும் 2023ல அதைத் தூக்கிட்டாங்க. அத்தனை பேரோட உழைப்பு. எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு.

ரிஜிஸ்டர்_ராசா:
லேயர் யார் வீட்டுல இருக்கணும்ங்கறதுல நீங்க சொல்றது சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா எட்டு மாசம் கெடந்த என் ரீசெட் பக் திரும்ப வரக்கூடாது, அதுக்கு வழி சொல்லாம விட மாட்டேன். ரிஜிஸ்டர் டெஃபனிஷன், எர்ராட்டா டேபிள், இனிஷியலைஸ் பண்ற வரிசை, இதுல லாக்கும் கெடையாது டைமரும் கெடையாது, வெறும் டேட்டா. இதை ஒரே ஹெடரா ரெண்டு ட்ரீக்கும் வைக்கலாமே, அதுக்கு எந்த மெயின்டெய்னர் சண்டைக்கு வரப் போறார்? லைசன்ஸை மட்டும் இப்பவே பேசி முடிங்க வயக்காட்டு. வெறும் ஜிபிஎல்2னு (சேந்த கோடையும் திறந்து குடுக்கச் சொல்ற லைசன்ஸ்) போட்டுட்டா அந்த ஹெடரை உங்க ஆர்டிஓஎஸ் பக்கம் கொண்டு போறப்ப வக்கீல் வந்து நிப்பார், பிஎஸ்டியும் ஜிபிஎல்லும் சேத்து டூயல் லைசன்ஸ் போடுங்க, இன்டெல் வைஃபை டிரைவர் ஐடபிள்யூஎல்வைஃபை அப்படித்தான் வச்சிருக்கு, ஃப்ரீபிஎஸ்டி அதை எடுத்துக்க முடிஞ்சதும் அதனாலதான்.

மெர்ஜ்_விண்டோ:
டேட்டா ஹெடருக்கு என்கிட்ட ஆட்சேபணை இல்ல. டிலே எவ்ளோங்கற நம்பர் ஹெடர்ல இருக்கட்டும், எப்படிக் காத்திருக்கறதுங்கறது மட்டும் அந்தந்த ஓஎஸ் டிரைவர்ல இருக்கட்டும்.

வயக்காட்டு_கோடர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பழைய_போர்ட்டு சார் கேட்டதை இன்னைக்கு ஹார்டுவேர் டீம்ல விசாரிச்சேன். மேக் வெளிய வாங்குனதுதான், டிசைன்வேரேதான்! நாலு வருஷமா இங்க இருக்கேன், யாரும் சொல்லல. எங்க பதினோராயிரம் வரில முக்கால்வாசி எஸ்டிஎம்மேக்ல ஏற்கனவே இருக்கு. எங்களோடதுன்னு மிஞ்சறது கிளாக்கைத் தேர்ந்தெடுக்கற மக்ஸும், மேக்கையும் கேபிள் பக்க சிப்பையும் இணைக்கற ஆர்ஜிஎம்ஐஐயோட டிலேயும், ராசா சார் சொன்ன மாதிரி ரெண்டு எர்ராட்டாவும்தான். மேனேஜர்கிட்ட நாளைக்குப் பேசுறேன், லைசன்ஸ் விஷயத்தை இப்பவே லீகலுக்கு மெயில் போட்டுட்டேன். டிலே டேபிளை டிவைஸ் ட்ரீல (போர்டு விவரம் எழுதி வைக்கற ஃபைல்) வைக்கறதா, கோடுல வைக்கறதாங்கற கேள்வியோட அடுத்த வாரம் திரும்ப வருவேன்.