அப்பாவின் 1974 புல்லட்: கியரை இடது பக்கம் மாற்றலாமா?

ஏலக்காட்டான் (பூப்பாறை):
அப்பா 1974-இல் வாங்கிய புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. பூப்பாறைக்கும் போடிக்கும் ஏலக்காய் மூட்டை சுமந்தே ஓடிய வண்டி. 2003-இல் அப்பா தவறியபோது அது ஆறு வருடமாக உரக்கொட்டகையில் நின்றிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. அன்று தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. காய் விற்ற காசு கையில் நிற்கும்போது ஒரு வேலை செய்வேன், அவ்வளவுதான். முதலில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், மறு வருடம் கிராங்க், அப்புறம் 6 வோல்ட்டை 12 ஆக்கிப் புது ஒயரிங். 2011-இல் முன் சக்கரத்தையே மாற்றி, பிற்கால 500 மாடலின் 7 அங்குல ட்வின் லீடிங் ஷூ பிரேக் போட்டேன். போடிமெட்டு இறக்கத்தில் பழைய பிரேக்கைப் பிடித்தால் கைதான் வலிக்கும், வண்டி நிற்காது.

போன வருடம் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து வலது கணுக்கால் உடைந்தது. உள்ளே பிளேட் இருக்கிறது. இந்த வண்டிக்குக் கியர் வலது பக்கம். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றும் கீழே. அழுத்த முடிகிறது, தூக்கத்தான் முடியவில்லை. ஸ்டார்ட் செய்து தருவது மகன். கியரை இடது பக்கமும் பின் பிரேக்கை வலது பக்கமும் கொண்டுவர நினைக்கிறேன். கூடவே பாயின்ட்டை (திறந்து மூடித் தீப்பொறி வரவைக்கிற தொடுமுனை) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா என்றும் யோசனை. செய்தவர்கள் சொல்லுங்கள்.

குண்டாறு (செங்கோட்டை):
தம்பி, கால் சீக்கிரம் தேறட்டும். ஆனால் இந்த வேலை வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது ஐம்பது வருடம் தாண்டிய வண்டி. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம், எண்ணில் VA என்று வரும். ஆனால் சேஸியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய பிரேக்கைத் திரும்பப் போட்டு, பாயின்ட்டை அப்படியே விட்டால் இன்றைக்கும் விண்ணப்பிக்கலாம். திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்க் மேல் கோடுகளைக் கையால் வரைந்து அனுப்பிய காலத்து வண்டி அது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் நட்டு போல்ட்டுக்குக்கூட அந்தக் காலத்துச் சரக்குதான் தேடிப் போடுகிறேன். ஒரு ஹார்ன் பட்டனுக்குப் புனலூர்ப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு வருடம் அலைந்தேன்.

ஏலக்காட்டான்:
அண்ணாச்சி, விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுத்துப் போகலாம். தினமும் சாலையில் ஓட்டக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது. நான் தினம் தோட்டத்துக்குப் போகிறவன்.

குண்டாறு:
சரி, விண்டேஜை விடுங்கள். சாதாரணப் பதிவிலும் சிக்கல் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தெரியும்தானே? கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப் போகும்போது யார் பதில் சொல்வது?

அதைவிட எனக்கு ஒன்று முக்கியம். அப்பா உதைத்த உதை, அப்பா போட்ட கியர் எல்லாம் அந்த வலது பக்கத்தில் இருக்கிறது. அதை மாற்றியபின் உங்கள் மகன் ஓட்டப்போவது தாத்தா வண்டியை அல்ல.

ஏலக்காட்டான்:
இதைப் படித்து ராத்திரி தூக்கம் வரவில்லை, அண்ணாச்சி. ஆனால் ஒன்று சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடி அந்த வண்டி என் அப்பாவிடமே இருந்ததில்லை. வாங்கிய இரண்டாம் வருடமே போடியில் தண்ணீர்க் குழாயை வளைத்துப் பின்னால் கேரியர் பற்றவைத்தார், மூட்டை கட்ட. இடது பக்கக் குழாயில் சணல் கயிறு உரசி உரசி விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர் அதில் புட்டி வைத்து நிரப்பப் பார்த்தார், தடுத்துவிட்டேன். 1974-க்குத் திருப்ப வேண்டுமென்றால் முதலில் அந்தக் கேரியரைத்தான் அறுத்து எடுக்க வேண்டும். அப்பா தன் பிழைப்புக்குத் தக்கபடி மாற்றினார். நான் என் காலுக்குத் தக்கபடி மாற்றக் கேட்கிறேன்.

பட்டறை (போடி):
முப்பது வருடமாக இந்த எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். ஏற்றுமதிக்குப் போன நாலு கியர் புல்லட்டுக்குக் கம்பெனியே குறுக்கே லிங்க்கேஜ் (இணைப்புத் தண்டு) கொடுத்து இடது பக்கக் கியர் தந்திருக்கிறது. அதனால் வண்டி கெட்டுவிடும் என்பதை ஏற்கமாட்டேன். பிரேமில் அறுப்போ வெல்டிங்கோ இல்லாமல் கிளாம்ப் வைத்தே கட்டலாம். நாளை வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அறுக்கச் சொல்கிறவரிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆர்டிஓ ஆபீஸில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் விஷயத்தில் குண்டாறு அண்ணன் பக்கம்தான் நான். பாயின்ட் கேப் 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தால் போதும், நடுவழியில் நின்றாலும் உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்துவிடலாம். எலெக்ட்ரானிக் பெட்டி ராஜாக்காட்டில் மழையில் செத்தால் அங்கே யார் திறந்து பார்ப்பது? அப்புறம், இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துருப் பிடிக்கும். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். பழைய ரப்பர் டியூப் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

குண்டாறு:
இடது பக்கம் கொண்டுபோகாமலே ஒரு வழி இருக்கிறதே. கியர் லீவருக்குப் பின்னால் குதிகாலால் மிதிக்கிற மாதிரி ஒரு கை நீட்டிவிட்டால் தூக்கவே வேண்டாம். முதல் கியரும் மிதிதான்.

பட்டறை:
நல்ல யோசனைதான் அண்ணே, ஆனால் அந்த இடத்தில்தான் நியூட்ரல் பைண்டர் லீவர், அதாவது மிதித்தால் நேரே நியூட்ரலுக்குக் கொண்டுபோகிற லீவர் இருக்கிறது. குதிகால் அதில் பட்டால் ஏற்றத்தில் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும். பைண்டரைக் கழற்றினால் அதுவும் மாற்றம்தானே? ஒன்று செய்யலாம். கையை இரண்டு அங்குலம் வெளியே தள்ளி வளைத்தால் பைண்டரைத் தாண்டி நிற்கும். செய்து பார்த்ததில்லை. கம்பியில் ஒரு மாதிரி வளைத்துப் பார்க்கலாம்.

மறையூர்க்காரி:
எங்கள் அப்பாவின் ராஜ்தூத்தை 1998-இல் எடைக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. இடது பக்கமோ வலது பக்கமோ, ஓடுகிற மாதிரி வைத்திருங்கள் அண்ணா.

ஏலக்காட்டான்:
பாயின்ட் இருக்கட்டும், முடிவு செய்துவிட்டேன். நேற்று மகன் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை இறக்குகிறான், அம்மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற பிடி) பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்குகிறான், பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வருகிறது. கிக்கரை மேலே விட்டு ஒரே உதை. முள் நடுவுக்கு வருகிற நேரத்தில் அப்பா “ம்” என்பார். இவனும் சொன்னான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எலெக்ட்ரானிக் போட்டால் அந்த முள் இப்படி ஆடாது.

கியருக்கு, குதிகால் லீவரை முதலில் பார்க்கிறேன். சரிவராவிட்டால் இடது பக்கம்தான், அண்ணாச்சி வருத்தப்படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மகனோடு போடிக்கு இறங்குகிறேன்.

குண்டாறு:
வருத்தம் இருக்கத்தான் செய்யும், தம்பி. இடது பக்கம் என்றால் என் பதில் இன்னும் வேண்டாம்தான். லீவரைக் கம்பியில் வளைக்கும் முன் பழையதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் கழற்றிய முன் பிரேக் பிளேட் இருக்கிறதா? என் வண்டியினுடையது கீறல் விட்டுப் போயிற்று. விலைக்குத் தருவீர்களா?

ஏலக்காட்டான்:
இருக்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றிச் சக்கரத்தோடு பரணில் வைத்திருக்கிறேன். அதைத் தரமாட்டேன் அண்ணாச்சி. ஆனால் அளவெடுத்து அனுப்புகிறேன். பட்டறை அண்ணனிடம் வேறு ஏதாவது கிடக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.