கோவைத் தொழில் சங்கங்களால் உங்கள் பட்டறையில் ஏதாவது மாறியதா? நடந்ததைச் சொல்லுங்கள்

கணபதி பம்ப்காரன்:
நானே தொடங்கி வைக்கிறேன். 5 எச்.பி. சப்மெர்சிபிள், ஆறு இன்ச் போர்வெல்லுக்கு. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை மாற்றினேன், கணக்குப்படி கரண்ட் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மூன்று மாதத்தில் நான்கு பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, செய்தாகிவிட்டது. கடைசியில் சிடார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பொறியியல் பொருள் தயாரிப்பாளர்கள் சங்கமான சீமாவின் உறுப்பினர்கள் சேர்ந்து உண்டாக்கிய சோதனைக்கூடம்தான், உங்களுக்குத் தெரியும். அதுவரை சப்மெர்சிபிளுக்கான ஐ.எஸ். 8034 தர முத்திரை வேலைக்கு மட்டும் போகிற இடம் என்று நினைத்திருந்தேன்.

டெஸ்ட் எடுத்தவர் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி ரீடிங் எடுத்தார். பம்ப் வழக்கமாக ஓடவேண்டிய நிலையில், அதாவது டியூட்டி பாயிண்டில், எபிஷியன்சி படுத்துவிட்டது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். ஆனால் பம்பைப் பிரிக்கச் சொன்னார். இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூடான பவுலுக்குள் விரலை விட்டு நகத்தால் ஒரு கீறு. கரகரவென்று சத்தம். "தம்பி, இதத் தொட்டுப் பாருங்க. தண்ணி இதுல உரசிட்டுத்தான போகோணும்? உங்க டிசைன் நல்லாத்தான் இருக்குது. கோர்தான் சரியில்லீங்க." அவர் நகத்தில் மணல் ஒட்டியிருந்தது.

வார்ப்புக்குள் தண்ணீர் வழி விட வைக்கிற மணல் அச்சுதான் கோர். அதன் மேல்பூச்சை மாற்றி அடுத்த செட் வார்த்தோம். கரண்ட் இறங்கியது. என் பட்டறையிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் அந்த மனிதர் இருந்திருக்கிறார். பத்து வருடமாக நான் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டில்டிங் கிரைண்டர்:
உங்களுக்கு நல்லது நடந்ததில் சந்தோஷம். ஆனால் பம்புக்குக் கூடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார். நாலு பேர் வேலை செய்யும் கிரைண்டர் பட்டறைக்கு என்ன இருக்கிறது?

ஒரு சங்கம் நடத்திய கண்காட்சியில் ஸ்டால் போட்டேன். சாய்க்கும்போது கல் நழுவாமல் பிடிக்கிற புது லாக் ஒன்றை வைத்திருந்தேன். ஒருவர் மூன்று முறை வந்தார், குனிந்து பார்த்தார், போனில் படம் எடுத்தார். நானேதான் சாய்த்துக் காட்டினேன். அடுத்த தீபாவளிக்குள் அதே லாக் வேறு பெயரில் கடைக்கு வந்துவிட்டது. முதல் மாடலில் நான் தவறுதலாகப் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது, எதற்கும் பயன்படாது. அந்த ஓட்டையையும் சேர்த்தே எடுத்திருந்தார்கள். கடையில் நின்று அதில் விரலை விட்டுப் பார்த்தேன்.

சங்கத்தில் போய்ச் சொன்னபோது பொறுப்பில் இருந்தவர் கேட்டார்: "ரெஜிஸ்டர் பண்ணீங்களா?" ஸ்டாலுக்குப் பணம் வாங்கியபோது இதை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சிட்கோ ரிட்டயர்டு:
எனக்கும் இப்படி ஒன்று போனது, ஒரு கிளாம்ப். அதை விடுங்கள். மேலே எழுதிய தம்பிக்குச் சில விஷயம் சொல்லவேண்டும். டிசைன் பதிவு என்பது 2000-ம் ஆண்டுச் சட்டப்படி பொருளின் தோற்றத்துக்குத்தான். முதலில் பத்து வருடம், பிறகு ஐந்து வருடம் நீட்டிக்கலாம். உங்கள் லாக் எப்படிப் பிடிக்கிறது என்கிற வேலை அதில் வராது. அதற்கு பேட்டன்ட். முழு விண்ணப்பத்துக்கு இப்போது காசு இல்லையென்றால் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போடுங்கள். தேதி உங்கள் பெயரில் நின்றுவிடும், 12 மாதத்துக்குள் முழுசாகக் கொடுக்கலாம். எதுவானாலும் ஸ்டாலில் வைப்பதற்கு முன்னால். வெளியே காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்பார்கள். அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. டிசைன் என்றால் முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, காட்டிய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாக் கண்காட்சியும் அப்படி அறிவிக்கப்பட்டது அல்ல, அதனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஊர்ப் பெயருக்குக் காவல். உங்கள் லாக்குக்கு இல்லை.

டில்டிங் கிரைண்டர்:
நன்றி சார். இதெல்லாம் இப்போது எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஸ்டால் விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு வரி, "புதுப் பொருளா? பதிவு செய்தாகிவிட்டதா?" என்று இருந்திருந்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று இதைத்தான் கேட்கப் போகிறேன்.

கணபதி பம்ப்காரன்:
கேளுங்கள் அண்ணா. எந்த தேதி என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

ஃபவுண்டரி வாரிசு:
எங்கள் ஃபவுண்டரியை அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்ட புதிது. கொடிசியா என்றால் எனக்கு வளாகமும் கண்காட்சியும்தான். 1969-ல் தொடங்கிய கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம், அப்பா உறுப்பினர், அவ்வளவுதான். ராணுவத்துக்குத் தேவையான பொருட்களைப் பற்றி ஒரு கூட்டம் என்று கூப்பிட்டார்கள். ராணுவத்துக்குப் புதுப் பொருள் உருவாக்குகிறவர்களுக்கு உதவ 2018-ல் வந்த ஐடெக்ஸ் திட்டம் பற்றித்தான் பேச்சு.

ஒரு அதிகாரி உடைந்த பிராக்கெட் ஒன்றை மேசைமேல் வைத்தார். மலை உச்சிக் குளிரில் இது இப்படித்தான் உடைகிறது, உங்களில் யாராவது பாருங்கள் என்றார். வரிசையாகக் கைமாறி என்னிடம் வந்தது. உடைந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, சர்க்கரைக் கட்டியை உடைத்தமாதிரி மினுமினுவென்று இருந்தது. வளைந்து கொடுக்காமல் ஒரே அடியில் போயிருக்கிறது. அலாயை, அதாவது உலோகக் கலவையை, மாற்றிப் பார்க்கலாம் என்று வாய் வரை வந்தது.

நான் கை தூக்கவில்லை. தேர்வானால் 1.5 கோடி வரை மானியம், ஆனால் அதற்கு ஈடாக நம் பங்கையும் காட்டவேண்டும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் கடன் கண்முன் வந்தது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர், என்னைவிடச் சின்னப் பட்டறை, கை தூக்கினார். பிராக்கெட்டை அவரிடம் நீட்டியது நான்தான்.

அவர் வேலை எது வரைக்கும் வந்தது என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சாம்பிள் வார்க்க இடம் தேவைப்பட்டால் எங்கள் ஃபர்னஸில் ஊற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.