மாயாவியின் சட்டை மறையுமா, மறையாதா?

கோரிப்பாளையத்தான்:
நேற்று பழையகாகிதம் என்பவர் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கரண்ட் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. 48 வயதில் அவர் கதைகளைத் திரும்ப எடுத்தாராம், நாலாவது புத்தகத்திலேயே அலுத்துவிட்டதாம். "உடம்பு மறைவதைக்கூட ஒப்புக்கொள்கிறேன், போட்டிருக்கும் சட்டை எப்படி மறையும்? இதைக்கூட யோசிக்காத கதையையா தலையில் தூக்கிவைத்து ஆடினோம்" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, நானும் திரும்பப் படித்தவன்தான். இந்தப் பொங்கல் லீவில் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். ஸ்டேப்ளர் பின் துருவேறி நடுப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் இரண்டு கறை. முதல் பக்கத்தில் எங்கள் தெரு வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு. கடையை மூடும்போது எடைக்குப் போட மனசு வராமல் அண்ணாச்சி என் கையில் கொடுத்த புத்தகங்கள் அவை. சின்ன வயதில் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் படங்களைத்தான் தேடித் தேடிப் பார்ப்பேன். இந்தத் தடவை கண் போனது முகத்துக்கு. ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ, கன்னத்தில் பாதியை இருட்டில் விட்டு வரைந்த முகம். மாயாவியின் நிஜப்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஓர் எரிச்சல்காரன், ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்தவன், இன்னொருவருக்குக் கீழே உதவியாளாகக் கிடப்பவன். அந்தக் கசப்பு முழுவதும் கண்ணுக்குக் கீழே நாலு கோட்டில் இருக்கிறது. பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை. இதுவா அலுக்கிறது உமக்கு?

சட்டை மறையும். படத்தில் மறைகிறது. அவ்வளவுதான்.

பழையகாகிதம்:
அண்ணே, நான் பத்துப் பத்தி எழுதினேன். நீங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நான் சொன்னது இதுதான். இந்தக் கதைகள் 1962 முதல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்தவை. ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஆபத்து, அடுத்த வாரம் தப்பிப்பது. அதையே சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் படித்தால் என்ன ஆகும்? ஷாக் வாங்குவார், மறைவார், மாட்டுவார். மறுபடி ஷாக், மறுபடி மறைவு, மறுபடி மாட்டல். 12 வயதில் அதுவே வேகமாகத் தெரிந்தது. இப்போது அடுத்த மூன்று பக்கம் எப்படி முடியும் என்று முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. இதைச் சொன்னால் துரோகியா?

சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897லேயே மறையும் மனிதனை நாவலாக எழுதினார். அந்தக் கிரிஃபின் துணியோடு மறையவில்லை. லண்டன் ஜனவரிக் குளிரில் பிறந்த மேனியாகத் தெருவில் ஓடுகிறான். சேற்றுக் காலடி விழுவதைப் பார்த்துத் தெருப் பையன்கள் பின்னாலேயே துரத்துகிறார்கள். யோசித்து எழுதுவது என்றால் அது.

கோரிப்பாளையத்தான்:
வெல்ஸை இழுத்ததற்கு நன்றி. அதே புத்தகத்தை ஒழுங்காகப் படித்தீரா? கிரிஃபின் தன்மேல் கை வைப்பதற்கு முன்னால் முதன்முதலில் மறைய வைத்தது எதை? ஒரு வெள்ளைக் கம்பளித் துணியை! துணி, ஐயா, துணி! அதற்கப்புறம் ஒரு பூனை. பூனை மறைந்தபின் மறையாமல் நின்றவை எவை? கண்ணின் பின்பக்கமும் நகங்களும். உடம்பு போய் நகம் நிற்கிறது. இங்கே உடம்பு போய் இரும்புக்கை நிற்கிறது. துணி மறையும் என்று உம்முடைய வெல்ஸே எழுதி நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

வயர்மேன்_திருச்சி:
நான் 22 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். மாயாவி எனக்கும் பிடிக்கும், அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இரும்பு கரண்டைக் கடத்தும். பருத்தி கடத்தாது. கரண்ட் பாய்ந்தால் மறையும் என்றால் முதலில் மறைய வேண்டியது அந்தக் கை. ஆனால் கதையில் கடத்துவது அப்படியே தெரிகிறது, கடத்தாதது காணாமல் போகிறது. இது தலைகீழ் இல்லையா?

கோரிப்பாளையத்தான்:
தம்பி, வெறும் கரண்டால் மறைவதாக யார் சொன்னது? கை போன பிறகு, பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொரு விபத்தில் உடம்பே மாறிவிடுகிறது. அதற்கப்புறம் கரண்ட் ஒரு தூண்டுதல்தான். மாறியது சதை. இரும்பு மாறவில்லை. அதனால் இரும்பு தெரிகிறது. வேலை தெரிந்தவர் கதையையும் தெரிந்துகொண்டு பேசலாம்.

வயர்மேன்_திருச்சி:
சரி, உங்கள் கணக்குப்படியே வருகிறேன். விபத்தில் மாறியது உடம்பு. அன்றைக்கு அவர் போட்டிருந்தது ஒரு சட்டை. அதுவும் மாறியது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் கதை ஓடுகிறதே, அத்தனை கதையிலும் அதே சட்டையா?

பழையகாகிதம்:
இதைத்தான் நான் கேட்டேன்.

கோரிப்பாளையத்தான்:
உடம்போடு ஒட்டியிருப்பது உடம்போடு மறையும்.

வயர்மேன்_திருச்சி:
இரும்புக்கை உடம்போடு ஒட்டவில்லையா?

தாமரைச்செல்வி_கோவை:
பெரியவர்களே, ஒரு நிமிடம். சின்ன வயதில் படித்த புத்தகம் இப்போதும் நன்றாக இருக்கிறது, இல்லை என்கிறீர்களே, 'நன்றாக' என்று எதைச் சொல்கிறீர்கள்? படமா, கதையா, அந்த வயது ஞாபகமா? அதை முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் அண்ணன் மாயாவி படித்துவிட்டு, 1985 கோடை லீவில் ஒரு மத்தியானம் சைக்கிள் போக்ஸ் கம்பியை ப்ளக் பாயிண்டில் சொருகினான். ஃபியூஸ் போய் வீடே இருண்டது. அவன் சுவரோரம் உட்கார்ந்து, "நான் தெரிகிறேனா?" என்று என்னைக் கேட்டான். உள்ளங்கையில் கறுப்புத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. போன மாதம் அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது சரியாக அந்தப் பக்கம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். எனக்குச் சட்டை மறைவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இத்தனை புத்தகத்தில் எனக்கு நினைவில் நிற்கிற மாதிரி ஒரு பெண் இல்லையே என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அப்போது நான் மாயாவியாகவே என்னை நினைத்துக்கொண்டு படித்திருக்கிறேன்.

வயர்மேன்_திருச்சி:
அக்கா, உங்கள் அண்ணன் பிழைத்தது பெரிய விஷயம். அப்போதெல்லாம் நம் வீடுகளில் இருந்த பழைய ரவுண்ட் பின் ப்ளக் பாயிண்டுகளில் மூடி கிடையாது, எதை விட்டாலும் உள்ளே போகும். இங்கிலாந்தில் 1947லேயே வந்த தரத்தில் ப்ளக் பாயிண்டுக்கு உள்ளே மூடி உண்டு. எர்த் பின் முதலில் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டையும் திறக்கும். அந்த ஊர்க்காரரான மாயாவி புதுப் ப்ளக் பாயிண்டில் விரலை வைத்தால் ஒன்றும் நடக்காது. நம் வீடுகள் பலவற்றில் இப்போது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகி கரண்டை நிறுத்திவிடுகிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது. இங்கே வந்தாலும் மறைய முடியாது.

கோரிப்பாளையத்தான்:
ப்ளக் பாயிண்டில் மட்டும்தான் விரலை வைப்பாரா? அறுந்த கம்பி, மெஷின், ஜெனரேட்டர் என்று எது கிடைத்தாலும் தொடுவார். பேச்சை மாற்றாதீர்கள். கேள்வி சட்டை.

தாமரைச்செல்வி, உங்கள் அண்ணனுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் அது புத்தகத்தின் குற்றம் இல்லை. 'நன்றாக' என்றால் என்ன என்று கேட்டால் அதற்கெல்லாம் இங்கே நேரமில்லை. நன்றாக என்றால் நன்றாக.

ஸ்பைடர்தாசன்:
இதற்குத்தான் நான் அப்போதே இன்னொரு காமிக்ஸ் நாயகனான ஸ்பைடர் பக்கம் வந்துவிட்டேன். மறைவது, மறையாதது என்ற தொல்லையே இல்லை. பறக்கும் ஹெலிகார், வலைத் துப்பாக்கி, கூடவே கூட்டாளிகள் பெல்ஹாமும் ஆர்டினியும். 1965ல் பிரிட்டனின் 'லயன்' வாரப் பத்திரிகையில் ஆரம்பித்த தொடர். பின்னால் அதை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். ரெக் பன் வரைந்த கோட்டுக்கு முன்னால் பிளாஸ்கோ நிற்க முடியாது. ஸ்பைடரை இப்போது படித்தாலும் எனக்கு ஒரு பக்கம்கூட அலுக்கவில்லை. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வருகிற நாயகன் வேறு எங்கே இருக்கிறான்?

கோரிப்பாளையத்தான்:
வாங்க, வாங்க. உம்மைத்தான் காணோமே என்று பார்த்தேன். பிளாஸ்கோ நிற்க முடியாதா? ரெக் பன்னின் கோடு நல்ல கோடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை பெய்த தெருவில் விளக்கு வெளிச்சத்தை பிளாஸ்கோ மாதிரி யார் வரைந்தார்? வெறும் கறுப்பு மையில் ஈரத்தைக் காட்டியவர் அவர். ஸ்பைடர் பக்கங்களில் ஈரம் எங்கே?

இன்னொன்று. ராஜாவாக வேண்டும் என்று சொல்லும் ஸ்பைடரே நாளடைவில் போலீஸ் பக்கம் சாய்ந்துவிடுகிறார். மாயாவியும் திருடனாகத்தான் ஆரம்பிக்கிறார். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துக் கெட்ட வழியில் போகிறவர், அப்புறம்தான் நிழற்படை என்ற ரகசிய உளவு அமைப்புக்கு வேலை செய்கிறார். அந்த வீழ்ச்சியும் மீட்சியும் ஸ்பைடரிடம் உண்டா? அவர் முதல் நாளிலிருந்தே கர்வம்தான்.

அப்புறம், 1991ல் என்னிடம் வாங்கிப் போன புத்தகத்தை அட்டை இல்லாமல் திருப்பிக் கொடுத்தவர் கோட்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஸ்பைடர்தாசன்:
அந்த அட்டை என்னிடம் வரும்போதே இல்லை. நூறு தடவை சொல்லிவிட்டேன்.

கோரிப்பாளையத்தான்:
இருந்தது. காக்கி அட்டை போட்டு, மேலே என் கையெழுத்தில் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். உள்ளே அசல் அட்டை இருந்தது. உம் தம்பியின் பள்ளிக்கூட நோட்டில் அந்தப் படம் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

ஸ்பைடர்தாசன்:
அவன் ஒட்டியது வேறு புத்தகத்துப் படம். முப்பது வருஷத்துக்கு மேலாக இதையே சொல்லி எங்கள் வீட்டுப் பேரைக் கெடுக்கிறீர். என் மகன் கல்யாணத்துக்கு வந்தபோதும் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் பேசினீர்.

தாமரைச்செல்வி_கோவை:
மொழிபெயர்ப்பைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது இந்தக் கதைகளுக்குக் கிடைத்த தமிழ் ஒரு தனி நடை. "அடப்பாவி", "தொலைந்தான்" என்றெல்லாம் லண்டன்காரர்கள் பேசியதால்தான் அவர்கள் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆனார்கள். இப்போது திரும்பப் படித்தபோது கதையைவிட அந்தப் பேச்சுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

பழையகாகிதம்:
இதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். அந்தத் தமிழுக்காகவே நாலாவது புத்தகம் வரைக்கும் வந்தேன். ஆனால் என் பையனிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவனுக்கு 11 வயது. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அப்பா, ட்ரெஸ் எப்படிப்பா மறையும்?" என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் எனக்கு வலித்தது, கோரிப்பாளையத்து அண்ணே. அதைப் பற்றித்தான் எழுதினேன். என் குழந்தைப் பருவத்தை நான் குப்பையில் போடவில்லை.

கோரிப்பாளையத்தான்:
பையன் கேட்டால் சொல்ல வேண்டியதுதானே, உடம்போடு ஒட்டியது உடம்போடு மறையும் என்று! நம் காலத்தில் நாம் கேட்டோமா? நான் கேட்கவில்லை. என் கூட்டாளிகள் யாரும் கேட்கவில்லை. அந்தக் கை சுவரோரமாக நகர்ந்து போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினோம். விளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை நாலு பேர் ஒரே நேரத்தில் படித்தோம். வேகமாகப் படிப்பவன் மற்றவனுக்காகக் காத்திருப்பான். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. பொங்கலன்று அந்தப் பெட்டியைத் திறந்ததும் அவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதைப் போய் அலுத்துவிட்டது, யோசிக்காமல் எழுதியது என்றால் எனக்கு ஆகாது. எத்தனை பேர் வந்தாலும் சொல்வேன், சட்டை மறையும்.

வயர்மேன்_திருச்சி:
அண்ணே, உங்கள் கூட்டாளிகளைப் பற்றிச் சொன்னது மனசைத் தொட்டது. ஆனால் ஒட்டியது மறையும் என்றால் கையும் மறைய வேண்டும் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கோரிப்பாளையத்தான்:
வந்தாயிற்று. மேலே படியுங்கள்.

ஸ்பைடர்தாசன்:
மேலே ஒரு பதிலும் இல்லை. அட்டை விஷயத்திலும் இவர் இப்படித்தான்.

கோரிப்பாளையத்தான்:
உம்மிடம் நான் பேசவில்லை. இரண்டாவது பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கி, மறைகிற படம் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து இங்கேயே வரிசையாகப் போடுகிறேன். சட்டை எங்காவது தெரிந்தால் காட்டுங்கள்.

பழையகாகிதம்:
சட்டை தெரிகிறது என்று யாருமே சொல்லவில்லையே, அண்ணே. ஏன் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

கோரிப்பாளையத்தான்:
மறைந்ததால் தெரியவில்லை.

வயர்மேன்_திருச்சி:
பருத்தி கடத்தாது.